உள்பை வைத்த சட்டை

அந்த பேக்கரியின் அடுப்பு வாசல் ஆளின் இடுப்பு உயரத்தில் இருக்கும். கட்டிய கொத்தனார் ரொட்டியின் வசதியைப் பார்த்தாரே தவிர, அதைச் சுடுகிறவனின் வசதியைப் பார்க்கவில்லை. நீளமான மரத்துடுப்பை உள்ளே விட்டுக் கடைசி வரிசைத் தட்டுகளை இழுக்க வேண்டுமானால், இரும்புக் கதவின் விளிம்பில் தொடையையும் அடிவயிற்றையும் சாய்த்துக்கொண்டுதான் இழுக்க முடியும். அடுப்புக்காரன் மீசை முளைத்த காலத்திலிருந்து அப்படித்தான் நிற்கிறான். அவனுடைய கால்சட்டைகள் எல்லாம் பின்பக்கம் புதிதாக இருக்கும்போதே முன்பக்கம் பொசுங்கிப் பழுப்பேறிவிடும். மனைவி அதற்கு மேல் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுப்பாள்.

அவனுக்குக் கடையில் வைத்த பெயர் ரஸ்க்கு. ரஸ்க்கை இரண்டு தடவை சுட வேண்டும், ஒரு தடவை முழு ரொட்டியாக, இன்னொரு தடவை துண்டு போட்ட பிறகு. "இவனையும் அப்படித்தான். கடையில அடுப்பு ஒரு தடவை சுடும், வீட்டுல அம்மா ஒரு தடவை சுடுவாங்க" என்பது கேக் மேல் பூ வரைகிற கிரீமு கொடுத்த விளக்கம். கிரீமுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை வேலை மெதுவாக நடப்பதால் வாய்க்கு நேரம் மிச்சம்.

வீடு பேக்கரிக்குப் பின்னாலேயே இருந்தது. இரண்டு அறை. அடுப்பின் பின்சுவர்தான் வீட்டுச் சமையலறையின் சுவர். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஈரத்துணியை ஒட்டவைத்தால் போதும், காய்ந்து தானே விழும். ஜன்னலோரம் ரஸ்க்கின் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவள் வேலை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்த அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் வீட்டில் ஒரு குழந்தை இல்லை.

மாமியார் பேக்கரியின் முன்கல்லாவில் ரஸ்க்கை எண்ணிப் பாக்கெட் போடுகிறவள். தெருவே அவள் வழியாகத்தான் ரொட்டி வாங்கும். போகிறவர்கள் பாக்கெட்டோடு ஒரு கேள்வியையும் தந்துவிட்டுப் போவார்கள்: "மருமகளுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மாமியார் அந்தக் கேள்வியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சாயங்காலம் வீட்டில் கொட்டுவாள். நேராகச் சொல்ல மாட்டாள். சுவரைப் பார்த்துச் சொல்வாள், பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாள். "நான் உன்னையா சொன்னேன், பாத்திரத்தைத்தானே சொன்னேன்" என்று தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? பாத்திரத்துக்குக் குழந்தை பிறக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

ஒரு நாள் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"லேடி டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"மாத்திரை எதுவும் எழுதலையா?" என்றாள் மாமியார்.

"இல்லத்தை. எனக்குப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சாம். கர்ப்பப்பை நல்லா இருக்கு, குழாயில அடைப்பு இல்ல, முட்டை மாசா மாசம் வருது. இனிமே உங்க வீட்டுக்காரரைப் பாக்காம உங்களுக்கு ஒரு ஊசிகூட போட மாட்டேன்னுட்டாங்க."

"அவனை எதுக்குப் பாக்கணும்? அவனா சுமக்கப் போறான்?"

"சுமக்கறது நான்தான். ஆனா பாதி அவர் குடுக்கணும்ல அத்தை."

"மைதா மூட்டையை ஒத்தை ஆளா தூக்கறான். அவனுக்கு என்ன குறை?"

"மூட்டை தூக்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா" என்றாள் மாமியார், தண்ணீர்க் குடத்தைப் பார்த்து.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பொன் குஞ்சு அந்த நேரத்தில் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு இடது பக்கம், தொடை இடுக்கில், வேலை முடிகிற நேரத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வலி வரும். படுத்தால் போய்விடும். மூட்டை தூக்குகிற வலி என்று அவனே முடிவு செய்து, இறுக்கமான ஜட்டி போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கை கழுவப் போன இடத்துக்கே மனைவி வந்தாள்.

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"கடையில லீவு கேக்கணும்."

"ஏழு வருஷமா நான் தனியா அந்த மேசை மேல படுத்திருக்கேன். மேல லைட்டு கண்ணுல அடிக்கும். யார் யாரோ வந்து பாப்பாங்க. நீங்க வெளியில டீ குடிச்சுக்கிட்டு நிப்பீங்க. நான் கோவத்துல சொல்லல. எனக்குப் புள்ள வேணும். உங்களுக்கு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப வாங்க."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு லீவு கேட்கப் போனான்.

மருந்துக்கடை மாடியில் சின்ன லேப். அங்கே இருந்த பெண் கண்ணாடி போட்டவள், வயது குறைவு, கூச்சம் அதைவிடக் குறைவு. ரஸ்க்கின் கையில் விந்து எடுக்க மூடி போட்ட சின்ன டப்பாவைக் கொடுத்து, எதிரில் இருந்த அறையைக் காட்டினாள். அறையின் தாழ்ப்பாள் ஆடியது. வெளியே யாரோ ஒருவர் தன் சர்க்கரை அளவு தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ரஸ்க்கு உள்ளே போய்ச் சுவரில் இருந்த காலண்டர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சர்க்கரைக்காரர் சண்டையில் ஜெயித்துப் போன பிறகும் டப்பா காலியாகத்தான் இருந்தது.

அவன் வியர்த்துப்போய் வெளியே வந்ததும் லேப்காரப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "பரவால்ல சார், பாதிப் பேருக்கு இங்க முடியாது. டப்பாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. காலையில எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துடணும். சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது. சில்லுனு ஆக விட்டுடாதீங்க, உடம்புச் சூடு போதும்."

இத்தனையில் ரஸ்க்கு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: சில்லென்று ஆகக் கூடாது. அது அவனுக்கு நன்றாகப் புரிந்த பாஷை. குளிர் பட்டால் ஈஸ்ட் உறங்கிவிடும், மாவு எழும்பாது. குளிர்காலத்தில் பிசைந்த மாவுக்குக் கம்பளி போர்த்தி அடுப்பு மேடையில் வைக்கிறவன் அவன்.

மறுநாள் காலை பிடித்துக்கொண்டது மழை. சைக்கிளில் போக வேண்டும். 'என் உடம்பே நனையப் போகுது, அதுல ஏது சூடு' என்று யோசித்தான். யோசித்ததுதான் வினை. டீக்கடைகளுக்குச் சுடச்சுட பன் கொண்டுபோகிற தகரப் பெட்டி ஒன்று கடையில் உண்டு. உள்ளே துணி வைத்து மெத்தை போட்டது. அதன் நடுவில் டப்பாவை நிற்கவைத்து, அப்போதுதான் அடுப்பிலிருந்து இழுத்த பன்களைச் சுற்றிலும் அடுக்கி, மேலும் நாலு பன்னை வைத்து மூடினான். மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது, இப்படி ஒரு வழி வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தோன்றியிருக்காதுதான்.

லேப்பில் டப்பாவைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, பன்களை வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று யோசித்து, அந்தப் பெண்ணிடமே கொடுத்தான். "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க மேடம்."

ரிப்போர்ட்டை மனைவிதான் போய் வாங்கிவந்தாள். எண்ணிக்கை குறைவு. அதைவிட மோசம், அந்தக் குறைவிலும் உயிரோடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் செத்தவை.

அன்று ரஸ்க்கு ஒரு அடுப்பு ரொட்டியைக் கருக்கினான். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. முதலாளி வந்து தட்டைப் பார்த்தார், ரஸ்க்கின் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். மத்தியானம் ரஸ்க்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, குறை என்கிட்டதான்."

"என்னடா குறை?"

"எனக்குப் புள்ள பொறக்காது. எல்லாம் செத்துப் போயிருக்காம். இவளை ஏழு வருஷமா பேசினது போதும். இனிமே பேசணும்னா என்னைப் பேசு."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அந்த லேப்புக்காரிக்கு மெஷின் சரியில்ல" என்றாள் கடைசியில். "எங்கேயோ தப்பு பண்ணியிருக்காங்க." அவள் சொன்னதில் பாதி சரி என்று அப்போது யாருக்கும் தெரியாது. மகன் மேல் இருந்த பாசத்தில் சொன்ன பொய்யான ஆறுதல் என்றுதான் மூன்று பேருமே நினைத்தார்கள், சொன்னவள் உட்பட.

மனைவி மெஷினில் உட்கார்ந்து, கோணலாக விழுந்த ஒரு காலர் தையலை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தாள். ரஸ்க்கு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நீ உங்க வீட்டுக்குப் போயிடு. உனக்கு இன்னும் வயசிருக்கு. நான் யார்கிட்ட வேணாலும் சொல்றேன், தப்பு என்னோடதுன்னு."

"போயி?"

"வேற ஒருத்தரைப் பாத்து..."

"ஆஸ்பத்திரிக்கு வர ஏழு வருஷம் எடுத்துக்கிட்டீங்க. என்னை அனுப்ப அரை நாள் போதுமா?"

"இல்லாத ஒண்ணுக்கு உன்னை எதுக்குப் புடிச்சு வைக்கணும்?"

"இங்க பாருங்க" என்று அவள் காலரைத் தூக்கிக் காட்டினாள். "தையல் தப்பா விழுந்துடுச்சு. பிரிச்சுட்டுத் திரும்ப தைப்பேன். துணியைத் தூக்கி ரோட்டுலயா போடுவேன்? எனக்கு எத்தனை டெஸ்ட் எடுத்தாங்க? ஒரு தடவை நல்லா இல்லைன்னா மறுமாசம் திரும்ப எடுத்தாங்க. உங்களுக்கு ஒரே ஒரு டெஸ்ட். அதுக்குள்ள தலையில துணி போட்டுக்கிட்டா எப்படி? நாளைக்கு நான் போய் அந்தப் பொண்ணைக் கேக்கறேன்."

"கேட்டா செத்தது பொழைக்குமா?"

"கேக்காம இருந்தா பொழைக்குமா?"

அவளிடம் அன்றைக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அழுதிருந்தால் அவனுக்குச் சமாதானம் சொல்லவாவது வேலை இருந்திருக்கும். அவள் அழவில்லை. காலரைத் தைத்து முடித்து, அடுத்த சட்டையை எடுத்தாள்.

மறுநாள் லேப்பில் அவளைப் பார்த்ததும் கண்ணாடிக்காரப் பெண் எழுந்து வந்தாள்.

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணிடலாமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"பண்ணவே கூடாது. கொஞ்ச நாள் விட்டு இன்னொண்ணு எடுத்தே ஆகணும். காய்ச்சல் வந்திருந்தாக்கூட மாறும். எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, ஒண்ணுகூட உயிரோட இல்லையேன்னு. மழைக்கு டப்பாவைச் சட்டைக்குள்ள பத்திரமாத்தான் கொண்டு வந்திருக்கார், தொட்டாலே கதகதப்பா இருந்துச்சு." அப்புறம் சிரித்தாள். "அன்னைக்கு அவர் குடுத்த பன்னு அருமை அக்கா. இவ்வளவு தூரம் வந்தும் நாக்கு சுடுற சூடு."

மனைவி மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்தாள். மழை நாள், நாக்கு சுடுகிற பன், கதகதப்பான டப்பா. பன் கொண்டுபோன பெட்டி எதுவென்று அவளுக்குத் தெரியும், அதன் உள்துணியைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

நேராக பேக்கரியின் பின்வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள். அவன் துடுப்பைச் சாய்த்துவிட்டு வந்தான்.

"அன்னைக்கு டப்பாவை எதுல வச்சுக் கொண்டு போனீங்க?"

"பன் பெட்டியில."

"தனியாவா, பன்னோடவா?"

"பன்னோடதான். நடுவுல வச்சு சுத்தி அடுக்கினேன். சில்லுனு ஆகக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"பன்னு எப்ப எடுத்தது?"

"அப்பத்தான்."

"ஈஸ்டைக் கொதிக்கிற தண்ணியில கரைப்பீங்களா?"

"எவனாவது கரைப்பானா? செத்துப் போயி..." அவன் நிறுத்தினான்.

"ம். சொல்லுங்க."

 அவன் கதவில் சாய்ந்து, அப்படியே கீழே இறங்கி மைதா மூட்டை மேல் உட்கார்ந்தான். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் நிற்கவில்லை. "வேக வச்சுட்டீங்களே" என்றாள் மூச்சு விட முடியாமல். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனின் தோள் வேறு மாதிரி குலுங்கத் தொடங்கியது. மாவு படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பக்கத்தில் நின்று அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கிரீமு எட்டிப்பார்த்துவிட்டு, பேசாமல் பின்வாங்கிப் போனான். அவன் பேசாமல் போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் அவள் சீருடைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவனுடைய சட்டை ஒன்றை எடுத்தாள். உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, டப்பா நிற்கிற அளவுக்கு ஒரு பை வைத்துத் தைத்தாள். மேலே பட்டன் போட்டாள். "இதுல வைங்க. மேல ஒரு சட்டை போட்டுக்கங்க. வேற புத்திசாலித்தனம் எதுவும் வேணாம்."

அடுத்த டெஸ்டில் அவை உயிரோடு இருந்தன. எண்ணிக்கை அப்போதும் குறைவுதான், நகர்ந்தவை அதிலும் குறைவு. ஆனால் உயிரோடு இருந்தன. ரஸ்க்கு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் இருக்கு" என்றான். ஏழு வருஷமாக முழுசாக இருக்கிறது என்று நினைத்திருந்தபோதுகூட அவன் முகத்தில் இத்தனை வெளிச்சம் இருந்ததில்லை.

ஆண்களுக்குப் பார்க்கிற டாக்டர் அவனை நிற்கவைத்து, இருமச் சொல்லிச் சோதித்தார். அப்புறம் இரண்டு பேரையும் உட்காரவைத்தார்.

"இடது பக்கம் வலி இருக்கா?"

"இருக்குங்க. மூட்டை தூக்கறதுனால..."

"மூட்டை இல்ல. சிலருக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டுப் புடைக்கும், பாத்திருக்கீங்களா? அதே மாதிரி உங்களுக்கு விதைக்கு மேல ரத்தக்குழாய் புடைச்சிருக்கு. வெரிகோசில்னு பேரு. ரத்தம் மேல போகாம அங்கேயே தேங்கி நிக்குது. தேங்கினா அந்த இடம் சூடாகும். என்ன வேலை பாக்கறீங்க?"

"பேக்கரி அடுப்பு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எவ்வளவு நேரம்?"

"விடியறதுக்கு முன்னால இருந்து மத்தியானம் வரைக்கும். அடுப்பு வாசல் இங்கதான் வரும்" என்று கையைத் தன் இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டினான்.

"மத்ததையெல்லாம் உடம்புக்குள்ள பத்திரமா வச்ச கடவுள் அதை மட்டும் எதுக்கு வெளியில தொங்க விட்டார்? காத்தாட, குளிர்ச்சியா இருக்கணும்னுதான். நீங்க அதைக் கொண்டுபோய் அடுப்புல சாத்தி வச்சிருக்கீங்க. சிகரெட்?"

"டீயோட ஒண்ணு."

"எத்தனை டீ?" என்றாள் மனைவி, டாக்டரை முந்திக்கொண்டு.

டாக்டர் சிரித்தார். "சின்ன ஆபரேஷன் ஒண்ணு. அன்னைக்கே, இல்லைன்னா மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம். சிகரெட் நிக்கணும், ஜட்டி தளர்வா இருக்கணும், அடுப்பு முன்னால நிக்கக் கூடாது. புது விந்து உருவாகி வர மூணு மாசம் ஆகும், அதனால மூணு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் பாக்க முடியும். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல ஆளுங்களுக்கு நல்லாகுது. ஆகலைன்னாலும் கதை முடியல, அதுக்கு மேல வேற வழிகளும் இருக்கு."

"அடுப்பை விட்டா என் வேலையே போயிடும்" என்றான் ரஸ்க்கு.

"அதை நான் பாத்துக்க முடியாது" என்றார் டாக்டர், அன்பாகத்தான்.

அடுப்பு என்றால் அந்தக் கடையில் அது ஒரு பதவி. மாவு பிசைகிறவன், எடை போடுகிறவன், கிரீம் பூசுகிறவன் எல்லோரும் அடுப்புக்காரன் சொல்கிற நேரத்துக்குத்தான் ஆட வேண்டும். அதை விட்டு இறங்கி மாவு மேசைக்குப் போவது, ஓட்டுநர் கீழிறங்கி லாரி கழுவப் போவதுபோல. ரஸ்க்கு முதலாளியிடம் போய் மேசை வேலை கேட்டபோது, முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை.

"சம்பளம் போதலையா?"

"அதில்லைங்க."

"அடுத்த தெரு பேக்கரிக்காரன் கூப்பிட்டானா?"

"இல்லைங்க."

"பின்ன என்னதான்யா?"

சுற்றிலும் ஆள்கள். டீ நேரம். கிரீமு ஒரு கேக்கின் மேல் பாதி ரோஜாவில் நின்றுவிட்டான். ரஸ்க்கு, முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். ஆனால் ஆஸ்பத்திரி மேசையில் வெளிச்சம் கண்ணில் அடிக்கப் படுத்திருந்தவள் ஞாபகம் வந்தது. அவளுக்கு எந்த ரகசியத்தை யார் காப்பாற்றிக் கொடுத்தார்கள்?

"எனக்குப் புள்ள வேணும் முதலாளி. அடுப்புச் சூடு அதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு ஆபரேஷன் இருக்கு. முடிஞ்சு வந்ததும் நான் மாவு பிசையறேன். புது ஆளுக்கு அடுப்பு நான் சொல்லிக் குடுக்கறேன். சம்பளத்தைக் குறைச்சாலும் சரி."

 யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள். "ரஸ்க்கு ஊறிப்போச்சுடா" என்றான் கிரீமு.

"ஊறினாத்தான்டா திங்க முடியும்" என்றான் ரஸ்க்கு.

இந்தத் தடவை சிரிப்பு பெரிசாக எழுந்தது, ஆனால் இது கேலிச் சிரிப்பு இல்லை. முதலாளி தாடையைத் தடவினார். "ஆறு மாசம் பாப்போம். அடுப்புப் பாழாச்சுன்னா உன்னைத்தான் உள்ள தள்ளுவேன்" என்றுவிட்டுப் போனார். சம்பளத்தைக் குறைக்கத்தான் செய்தார். முதலாளி முதலாளிதானே.

அன்று கடை கழுவி முடித்த பிறகு, கை துடைத்துக்கொண்டிருந்த ரஸ்க்கின் பக்கத்தில் கிரீமு வந்து நின்றான். அவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மனைவி அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டான்.

"அந்த லேப்பு ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?"

"காலையில மட்டும்" என்றான் ரஸ்க்கு. "டப்பா குடுத்தா சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போ. பன் பெட்டியைத் தொடாதே."

ஆபரேஷன் நாளில் மாமியாரும் வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ரஸ்க்கை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, நீள வராந்தாவில் மருமகள் தான் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். எதிரில் கண் கலங்கிய பெண்கள், கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறைகள், யாருடைய முகத்தையும் பார்க்காத கண்கள். மருந்து வாடை. பெயர் கூப்பிடுகிற சத்தம்.

"ஏழு வருஷமா இங்கதான் உக்காந்திருந்தியா?"

"ஆமாத்தை."

"தனியாவா?"

"உங்க புள்ள கீழ டீக்கடை வரைக்கும் வருவார்."

 மாமியார் மருமகளின் மடியில் இருந்த கனமான பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகன் வெளியே வரும்வரை அதைக் கீழே இறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சுலபமானவை அல்ல. அடுப்புப் பழகிய கைக்கு மாவு அடங்கவில்லை. புது அடுப்புக்காரன் நாலு நாளைக்கு ஒரு தடவை கருக்கினான், அதற்கு ரஸ்க்கு திட்டு வாங்கினான். சிகரெட்டை விட்ட கோபத்தில் வீட்டில் கதவை அறைந்தான். மனைவி மிச்சம் விழுந்த சீருடைத் துணியில் அவனுக்குத் தளர்வான உள்சட்டைகள், உள்டிரவுசர்கள் தைத்துப் போட்டாள். கோடு போட்ட துணி. கொடியில் காயும்போது பள்ளிக்கூடமே அவர்கள் வீட்டில் காய்வதுபோல இருக்கும். இருந்தும் ஒரு நாள்கூட அவன் அடுப்பு வாசலுக்குப் போய் நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் தள்ளி நின்று, துடுப்பைக் கையால் காட்டித்தான் சொன்னான். வேலை முடிகிற நேரத்து வலி நின்றுபோனதை அது போய்க் கொஞ்ச நாள் ஆன பிறகுதான் கவனித்தான்.

மூன்று மாதம் முடிந்து டெஸ்ட் எடுத்தார்கள். உள்பை வைத்த சட்டையில்தான் கொண்டுபோனான். லேப்காரப் பெண் அவனை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு அவன் மனைவிக்கு இடம் விட்டான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களை மாதிரியேதான் இருக்கு" என்றாள். "எங்க போறோம்னு தெரியாம சுத்துதுங்க. ஆனா ஓடுதுங்க."

எண்ணிக்கை ஏறியிருந்தது. நகர்பவை முன்பைவிட இரண்டு மடங்கு. நல்லது என்றார் டாக்டர், இன்னும் கொஞ்சம் ஏறணும், இப்போதே முயற்சி செய்யலாம், அடுத்த ஆறு மாதத்தில் தங்கவில்லையென்றால் விந்தைச் சுத்தம் செய்து உள்ளே வைக்கிற முறை இருக்கிறது என்றார். "அதையும் பாத்துடுவோம்" என்றாள் மனைவி. அடி மேல் அடி வைத்து அம்மியையே நகர்த்துகிற ஜாதி அவள்.

சில நாள் கழித்து மத்தியானம், அவள் மாமியாருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். மூலைவீட்டு அம்மா ரஸ்க் வாங்க நின்றுகொண்டிருந்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள், வயிற்றில் ஒரு நொடி கூடவே பார்த்தாள். அப்புறம் மாமியாரிடம் திரும்பினாள்.

"இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா? ஒரு நல்ல டாக்டரா பாத்து இவளைக் காட்டக் கூடாதா?"

மருமகள் சாப்பாட்டுத் தூக்கைக் கல்லாவில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு மாமியார் சொல்லும் பெருமூச்சு அவளுக்கு மனப்பாடம்.

மாமியார் பாக்கெட்டின் வாயை மடித்து, நூலைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இவளுக்கு எதுக்கு டாக்டர்? இவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை என் புள்ளைகிட்ட. ஆபரேஷன் ஆச்சு, இப்ப தேறிக்கிட்டு வர்றான். ஏழு வருஷமா எல்லாரும் ஆளு தெரியாம இவளைக் கேட்டுக்கிட்டு இருந்தோம். நானும்தான். இனிமே கேக்கணும்னா அவனைக் கேளுங்க, உள்ளதான் மாவு பிசையறான், கூப்பிடட்டுமா?"

மூலைவீட்டு அம்மா பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். கூப்பிட வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உள்ளே மாவு மேசையில் தொப்புத் தொப்பென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் கழித்துத் திரும்பவும் தொடங்கியது, முன்பைவிடப் பலமாக.

மருமகள் போகவில்லை. கல்லாவின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவளைப் பார்க்காமல் அடுத்த பாக்கெட்டுக்கு ரஸ்க்கை எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணிக்கை தப்பித் தப்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"அத்தை, சாப்பிடுங்க. ஆறிடும்."

"ஆறட்டும்" என்றாள் மாமியார். "ரொம்பச் சூடு நம்ம வீட்டுக்கு ஆகாது."